பந்தை முதலில் தொட்டவர் மேல் ஃபவுல் வருமா? தலை மோதல் பற்றி

வாசகர் கேள்வி: 2025 ஓகஸ்ட் 11

நேற்று எங்கள் ஊர் மைதானத்தில் உதைபந்தாட்ட அரையிறுதி. இரண்டாம் பாதி பாதிக்கு மேல் போய்விட்டது, கோல் இல்லை. உயரமாக வந்த பந்துக்கு எங்கள் பின்கள வீரரும் எதிரணியின் முன்கள வீரரும் எழும்பினார்கள். எங்கள் வீரர்தான் பந்தை முதலில் தலையால் அடித்தார். பந்து போன பிறகுதான் இரண்டு தலையும் மோதின. எதிரணி வீரரின் புருவம் வெடித்து இரத்தம் வந்தது. மத்தியஸ்தர் பெனால்டிப் பெட்டிக்கு வெளியே ப்ரீ கிக் கொடுத்தார். அதிலிருந்து கோல். தோற்றுப்போனோம். பந்தை முதலில் தொட்டவர் மேல் ஃபவுல் எப்படி வரும்? யாராவது விதி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓகஸ்ட் 11, இரவு

வரும். பந்தை முதலில் தொட்டால் குற்றமில்லை என்று விதிப் புத்தகத்தில் எங்கும் இல்லை. 12ஆம் விதி கேட்பது வேறு கேள்வி. எதிராளி மேல் பாய்ந்தது, இடித்தது, அடித்தது எல்லாம் கவனயீனத்தால் நடந்ததா, பின்விளைவை எண்ணாத முரட்டுத்தனத்தால் நடந்ததா, அளவுமீறிய பலத்தோடு நடந்ததா என்பதுதான் கேள்வி. கவனயீனம் என்றால் ப்ரீ கிக் மட்டும், அட்டை இல்லை. முரட்டுத்தனம் என்றால் மஞ்சள். அளவுமீறிய பலம் என்றால் சிவப்பு.

இந்த 'முதலில் தொட்டான்' கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் தலைமுறை படித்த பழைய விதியில், காலால் பந்தைப் பறிக்கும் இடத்தில், பந்துக்கு முன்னால் ஆளைத் தொட்டால் குற்றம் என்று ஒரு வரி இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டார்கள். மைதான ஓரத்தில் நிற்பவர்களின் வாயிலிருந்து மட்டும் அதை யாராலும் எடுக்க முடியவில்லை. அதுவும் காலைப் பற்றிய வரி. தலைக்கு அது ஒருநாளும் பொருந்தியதில்லை.

வன்னியில் மல்லாவி, மாங்குளம், துணுக்காய்ப் பக்கம் 14 வருடமாக மத்தியஸ்தராக விசில் ஊதுகிறேன். இரண்டு தலை மோதினால் நான் முதலில் பார்ப்பது கால்களை. யார் பந்து இறங்கும் இடத்தில் முன்பே நின்றார், யார் ஓடி வந்து சேர்ந்தார்? நேரே மேலே எழும்பினாரா, எதிராளியின் பக்கமாகப் பாய்ந்தாரா? அதற்குப் பிறகு கண். பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரா, ஆளைப் பார்த்தாரா, இல்லை இரண்டையும் பார்க்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டாரா? எங்கள் பையன்களில் பாதிப் பேர் பந்து நெருங்கும்போது கண்ணை மூடுகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருவர் நிற்கும் இடத்துக்குள் பாய்ந்தால் அது கவனயீனம்தான். கடைசியாகக் கை. எழும்புவதற்குக் கை உயர்வது இயல்பு. முழங்கை எதிராளியின் முகத்தை நோக்கித் திரும்பினால் அது வேறு கதை.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பந்து போன பிறகு மோதல் நடந்திருக்கிறது. அப்படியானால் உங்கள் வீரர் வந்த வேகத்தில் முன்னோக்கிப் பாய்ந்திருக்க வேண்டும். மத்தியஸ்தர் கொடுத்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஓகஸ்ட் 12, காலை

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். இரத்தத்தை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். புருவத்துக்குக் கீழே நேரே எலும்பு, தோல் மெல்லியது. இலேசாக இடித்தாலே வெடித்து முகம் முழுவதும் வழியும். பின்னந்தலையில் அதைவிடப் பலமாக இடி வாங்கியவனுக்கு ஒரு துளி இரத்தம்கூட வராமல் போகலாம்.

ஓகஸ்ட் 12, இரவு

காலையில் எழுதியதை நான் கற்றுக்கொண்ட விதம் இது.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு ஞாபகார்த்தக் கிண்ணப் போட்டி. விசில் எடுத்து மூன்றாவது வருடம் என்று நினைவு. முதல் பாதி முடியப்போகிறது. நடுக்கோட்டிலிருந்து தூக்கி அடித்த பந்து பெட்டியின் ஓரத்தில் இறங்குகிறது. பின்கள வீரர் ஒருவர் அண்ணாந்தபடி நிற்கிறார். முன்கள வீரர் பத்து யார் தூரம் ஓடிவந்து எழும்பினார். பனங்காய் நிலத்தில் விழுவது போல ஒரு சத்தம். ஓடிவந்தவருக்குப் புருவம் கிழிந்து வெள்ளைச் சட்டை நெஞ்சு வரை சிவந்துவிட்டது. நின்றவர் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் பெனால்டி கொடுத்தேன். அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் கொடுத்தேன் என்பது அந்தக் கணத்தில் எனக்குத் தெரியவில்லை.

இடைவேளையில் பின்கள வீரரின் பயிற்றுநர் என்னிடம் வந்தார். வயதானவர். சத்தம் போடவில்லை. "தம்பி, என் பிள்ளை நின்ற இடத்தை ஒருக்கால் வந்து பாருங்கள்" என்றார். போனேன். மழை கண்டு மூன்று மாதமான செம்மண். மாவு போன்ற புழுதி. அதில் இரண்டு சப்பாத்துத் தடங்கள், ஆணிக் குமிழ் ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாக, அசையாமல் பதிந்திருந்தன. அவற்றுக்கு நேர் பின்னால் ஓடி வந்தவரின் தடம் நீள நீளமாக வந்து, கடைசி அடியில் புழுதியைச் சீவிக்கொண்டு எழும்பியிருந்தது. நின்றவர் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார். வந்தவர் அவர் தலைக்குள் வந்திருக்கிறார். ஃபவுல் செய்தவருக்கு நான் பெனால்டி கொடுத்திருக்கிறேன்.

அதற்குள் கோல் அடித்தாகிவிட்டது. ஆட்டம் மீண்டும் தொடங்கிய பிறகு தீர்ப்பை மாற்ற விதி இடம் தராது. அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த முறை நிலத்தைப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். கால்களை முதலில் பார்ப்பேன் என்று நேற்று எழுதினேனே, அது அவர் கொடுத்த பாடம்.

ஓகஸ்ட் 13

ஒருவர் பிரான்ஸின் சிடானைப் பற்றிக் கேட்டிருக்கிறார். 2006 ஜூலை 9, பேர்லின், உலகக் கிண்ண இறுதிப் போட்டியின் 110ஆவது நிமிடம். எங்கள் நேரம் நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கு மேல் இருக்கும். ஒழுங்கையே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் கூடியிருக்க, ஜெனரேற்றர் இரைச்சலில் பார்த்தோம். சிடான் இத்தாலி வீரர் மெட்டராசியின் நெஞ்சில் தலையால் முட்டினார். அதில் ஆராய ஒன்றுமில்லை. பந்து வேறு இடத்தில். பந்துக்கான போட்டியே இல்லாத இடத்தில் முட்டினால் வன்முறை நடத்தை, நேரே சிவப்பு. தலையால் முட்டுவதை விதி அடிப்பதோடு சேர்த்தே எண்ணுகிறது. நாங்கள் இங்கே பேசுவது இரண்டு பேரும் பந்தைத் தேடிப் போகும்போது நடப்பதை.

ஓகஸ்ட் 15, மாலை

மூன்று நாளாக ஃபவுலா இல்லையா என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கே சரியாகப்படவில்லை. அதைவிட முந்தின கேள்வி ஒன்று இருக்கிறது. விசில் ஊதுவதா இல்லையா?

எங்கள் ஊர்களில் விசில் என்றால் குற்றம். குற்றமில்லை என்றால் விசில் இல்லை. வீரர்களும் அப்படியே நம்புகிறார்கள், பார்ப்பவர்களும் அப்படியே. 5ஆம் விதி அப்படிச் சொல்லவில்லை. ஒருவருக்குப் பலமாக அடிபட்டுவிட்டது என்று மத்தியஸ்தர் நினைத்தால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். யார் மேலும் குற்றம் இருக்கத் தேவையில்லை. தலைக்குத் தலை மோதினால் நான் இப்போது யோசிப்பதே இல்லை. உடனே ஊதிவிடுகிறேன். ஃபவுலா என்று அதற்குப் பிறகு தீர்மானிக்கிறேன். ஃபவுல் இல்லை என்றால், பந்தைக் கடைசியாகத் தொட்ட அணியின் ஒருவருக்கு அதைக் கையிலிருந்து நிலத்தில் இறக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடக்குகிறேன். மற்றவர்கள் நாலு மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். ஆட்டம் நின்றபோது பந்து பெட்டிக்குள் இருந்தால் கோல் காப்பாளருக்கு. 2019க்கு முன்னர் இரண்டு அணியும் காலை நீட்டிக்கொண்டு நிற்க நடுவில் பந்தைப் போடுவோம். அதிலேயே இன்னொரு சண்டை வரும். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

தாக்குதல் நல்ல நிலையில் போய்க்கொண்டிருக்கும்போது ஊதினால் திட்டு விழும். எனக்கும் விழுந்தது. ஒரு போட்டியில் ஏற்பாட்டாளர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் "குற்றமில்லாத இடத்தில் ஊதுகிறவரை யார் கூப்பிட்டது?" என்று கேட்டார். அடுத்த வருடம் அந்தப் போட்டிக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. பரவாயில்லை.

2017 ஜனவரி 22. இங்கிலாந்தின் செல்சி மைதானத்தில் ஹல் சிற்றியின் ரயன் மேசனும் செல்சியின் கரி காகிலும் ஒரே பந்துக்கு எழும்பித் தலை மோதிக்கொண்டார்கள். கெட்ட எண்ணம் யாரிடமும் இல்லை. மேசனின் மண்டையோடு உடைந்தது. அவசர சத்திரசிகிச்சை. அவர் மீண்டும் ஆடவேயில்லை. 2018 பெப்ரவரியில் 26 வயதில் ஓய்வை அறிவித்தார். மோதல் எவ்வளவு பாரதூரமானது என்பதும் அது ஃபவுலா என்பதும் இரண்டு தனித்தனி விடயங்கள்.

எலும்பு உடையாவிட்டாலும் மூளை அதிர்ந்திருக்கலாம். 2014 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஜேர்மனியின் கிறிஸ்தொஃப் கிராமர் தலையில் இடிபட்டு எழுந்து தொடர்ந்து ஆடினார். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் மத்தியஸ்தர் ரிசோலியிடம் போய், இது இறுதிப் போட்டியா என்று கேட்டார். ரிசோலி அணிக்குச் சொன்னார். 31ஆவது நிமிடத்தில் அவரை வெளியே எடுத்தார்கள். இடிபட்டதற்கும் வெளியேறியதற்கும் இடையில் சுமார் கால் மணி நேரம், தான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாத ஒருவர் உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு இது புதிய கதை இல்லை. 19 வயதில் நானும் அப்படி ஓடியிருக்கிறேன். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் ஒரு ஆட்டம். மூலை உதைக்கு எழும்பியது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, ஐஸ்பழக்காரரின் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த ஐஸ் கட்டி துவாயில் உருகிக் கழுத்துக்குள் இறங்கியது. அப்போது ஆட்டம் முடிந்து எல்லோரும் என்னைத் தூக்கிக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். காயத்தில் கோப்பித்தூள் அப்பியிருந்தது. நடுவில் முக்கால் மணி நேரம் நான் ஆடினேனாம். கோல் கோட்டிலிருந்து ஒரு பந்தைக்கூட வெட்டி எடுத்தேனாம். இன்றுவரை அதில் ஒரு காட்சிகூட எனக்குள் இல்லை. அன்றிரவு இரண்டு முறை வாந்தி. அம்மா வெயில் என்று நினைத்துத் தேசிக்காய்த் தண்ணீர் தந்தார். ஊரில் அதை வீரம் என்று பல வருடம் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பியிருந்தேன். கிராமரைப் பற்றி வாசித்த அன்றுதான் எனக்குக் கை நடுங்கியது.

ஓகஸ்ட் 16

திருத்தம். பந்தை இறக்கிவிடுவது பற்றி நேற்று எழுதியது பழைய விதி. இந்த ஜூலையிலிருந்து மாறியிருக்கிறது. பெட்டிக்கு வெளியே என்றால், ஆட்டம் நின்றிருக்காவிட்டால் பந்து எந்த அணியிடம் போயிருக்கும் என்று மத்தியஸ்தருக்குத் தெளிவாகத் தெரிந்தால் அந்த அணிக்குத்தான் இறக்க வேண்டும். தெளிவில்லாதபோது மட்டும் கடைசியாகத் தொட்ட அணிக்கு. நல்ல மாற்றம். நேற்று எழுதும்போது பழக்கம் முந்திக்கொண்டது.

ஓகஸ்ட் 17

யாரும் சொல்லாத இன்னொன்று, காற்று. இப்போது சோளகம் அடிக்கிற காலம். எங்கள் மைதானங்கள் பெரும்பாலும் வயல்வெளியை அல்லது குளக்கட்டை ஒட்டியவை. மறைப்பு ஒன்றுமில்லை. தூக்கி அடித்த பந்து காற்றை எதிர்த்துப் போனால் மேலே ஒரு கணம் நின்று, பிறகு பின்னால் இறங்கும். பின்கள வீரர் ஓர் இடத்தைக் குறிவைத்து நிற்பார். முன்கள வீரர் இன்னோர் இடத்தைக் குறிவைத்து ஓடுவார். பந்து இரண்டுக்கும் நடுவில் விழும். இரண்டு பேரும் கடைசி அடியில் திசை மாற்றுவார்கள். அந்தக் கடைசி அடியில்தான் மோதல்கள் நடக்கின்றன. பிற்பகல் ஐந்து மணிக்கு மேற்கைப் பார்த்து நிற்பவருக்கு வெயில் வேறு. அவர் பந்தையே காணமாட்டார், ஆளை எங்கே காண்பது? இதை எல்லாம் சேர்த்துத்தான் கவனயீனமா என்று கேட்க வேண்டும். அறையில் இருந்து விதியை வாசிப்பவருக்குக் காற்றுத் தெரியாது.

நிலையை மாற்றிக்கொண்டதாக எண்ண வேண்டாம். ஆனால் 11ஆம் திகதி 'பந்து போன பிறகு மோதல், ஆகவே பாய்ந்திருக்க வேண்டும்' என்று எழுதியது அவசரமோ என்று இப்போது படுகிறது. கேள்வி கேட்டவரே, யாராவது தொலைபேசியில் எடுத்திருந்தால் அனுப்புங்கள்.

ஓகஸ்ட் 20, இரவு

காணொளி கிடைத்தது. ஒன்பது முறை பார்த்தேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். ஃபவுல் இல்லை. என் முதல் பதில் பிழை. உங்கள் வீரர் நின்ற இடத்திலிருந்து நேரே மேலே எழும்புகிறார். கண் பந்தில். முழங்கைகள் விலாவோடு. முன்கள வீரர் பக்கவாட்டிலிருந்து கடைசி அடியில் உள்ளே வருகிறார். அவர் மேலும் குற்றம் சொல்லமாட்டேன். பந்து காற்றில் பின்வாங்கியது படத்திலேயே தெரிகிறது. இரண்டு பேரும் நேர்மையாகப் பந்துக்குப் போயிருக்கிறார்கள். விசில் ஊதி, பந்தை இறக்கிவிட்டிருக்க வேண்டிய இடம். முதலில் தொட்டார் என்பதற்காக இல்லை. அவர் தொடாமல் விட்டிருந்தாலும் இதே பதில்தான்.

ஆனால் ஆறாவது முறை பார்க்கும்போது படத்தின் இடது மூலை கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு என்னால் நடுவைப் பார்க்க முடியவில்லை. நடுவில் மத்தியஸ்தரைச் சுற்றி உங்கள் அணியும் அவர்கள் அணியும், கோட்டுக்கு வெளியே நின்றவர்களுமாக இருபது பேர். கைகள் பறக்கின்றன. இது நாலு நிமிடம். இடது மூலையில் அந்த முன்கள வீரர் தனியே நிலத்தில் இருக்கிறார். ஒரு கையால் புருவத்தைப் பொத்தியிருக்கிறார். எழும்பப் பார்க்கிறார். முடியவில்லை, கையை ஊன்றி மறுபடி இருக்கிறார். சிறுவன் ஒருவன் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்து அவர் தலையில் ஊற்றிவிட்டுச் சண்டையைப் பார்க்கத் திரும்பிக்கொள்கிறான். பிறகு யாரோ துணி கட்டிவிட்டார்கள். ப்ரீ கிக் அடிக்கும்போது அவர் பெட்டிக்குள் நிற்கிறார். கோல் விழுந்ததும் எல்லோரும் அவர் மேல் விழுகிறார்கள். இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு பந்துக்குத் தலையைக் கொடுக்கிறார்.

ஒன்பது நாளாக நானும் அந்த நடுவில் நின்றுதான் வாதாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரத்தம் வழிந்தால் வெளியே போய் அதை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்பது விதி. அதைக்கூட யாரும் சரியாகப் பார்க்கவில்லை. துணிக்கு மேலால் கசிவது படத்திலேயே தெரிகிறது. தலையில் அடிபட்டவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இது எந்த மைதானம்? இது முதல் பாதியா, இரண்டாவதா? கடைசியாகக் கோல் அடித்தது யார்? போன ஆட்டம் யாரோடு? வென்றீர்களா? ஒன்றுக்குப் பதில் தடுமாறினாலும் அன்று ஆட்டம் முடிந்தது. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாலும் முகம் வெளிறி, கால் தள்ளாடினால் முடிந்ததுதான். மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்மணி பெரிதும் மற்றது சிறிதுமாக இருப்பது, இவற்றில் எது வந்தாலும் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டு போக வேண்டாம், கழுத்திலும் அடிபட்டிருக்கலாம்.

வெளியே எடுத்தால் மாற்று வீரர் எண்ணிக்கை குறையும் என்று கழகங்கள் பயப்படுகின்றன. அதற்கும் விதியில் வழி வந்துவிட்டது. 2024 ஜூலையிலிருந்து, போட்டி நடத்துபவர்கள் ஏற்றுக்கொண்டால், மூளையதிர்ச்சி என்று சந்தேகப்படும் வீரருக்குப் பதிலாக இன்னொருவரை எண்ணிக்கையில் சேர்க்காமல் இறக்கலாம். வெளியே போனவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. எதிரணிக்கும் மேலதிகமாக ஒரு மாற்று கிடைக்கும், ஆகவே ஏமாற்றி இலாபம் இல்லை. எங்கள் பக்கம் எந்தப் போட்டி அறிவித்தலிலும் இந்த வரியை நான் இன்னும் காணவில்லை. அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து கேட்கப்போகிறேன்.

அந்த முன்கள வீரர் இப்போது எப்படி இருக்கிறார்? உங்கள் எதிரணிதான். ஆனாலும் பக்கத்து ஊர்தானே. விசாரித்து எழுதுங்கள்.

ஓகஸ்ட் 22

பதிலுக்கு நன்றி. நாலு தையல் போட்டிருக்கிறார்கள், ஸ்கான் எடுக்கவில்லை, இன்னும் வெளிச்சத்தைப் பார்த்தால் தலை வலிக்கிறது, வகுப்பில் எழுத்து மங்குகிறது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வகுப்பில் என்கிறீர்கள். அப்படியானால் பாடசாலைப் பிள்ளை. காணொளியில் உயரத்தைப் பார்த்து 22, 23 வயது என்று எண்ணியிருந்தேன்.

12 நாள் ஆகியும் இந்த அறிகுறிகள் இருந்தால் அந்தப் பிள்ளை இறுதிப் போட்டியில் ஆடக் கூடாது. பயிற்சிக்கும் போகக் கூடாது. முதல் அதிர்ச்சி ஆறுவதற்கு முன்னர் இன்னொரு இடி விழுந்தால் அது முதலாவதைப் போல இருக்காது. வைத்தியரிடம் மறுபடி போகச் சொல்லுங்கள். தையலைக் காட்டுவதற்கு இல்லை. தலைவலியையும் எழுத்து மங்குவதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இறுதிப் போட்டிக்கு முன்னால் அதை மறைப்பார்கள். நான் மறைத்தேன்.

இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. அவர்கள் கழகத் தலைவரைப் போய்ப் பாருங்கள். தோற்ற அணிக்காரர் சொன்னால் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்ற உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. என் பெயரைச் சொல்லுங்கள், என் இலக்கத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன், அங்கிருந்தே எடுத்துத் தாருங்கள், நான் பேசுகிறேன். முடிந்தால் தாயிடமும் ஒரு வார்த்தை.

ஓகஸ்ட் 23, மாலை

போனீர்களா?